வேனுக்குள் பைக், பைக்குக்கு மேல் கட்டில்: உயரம் மாற்ற என்ன வழி?

ராயக்கோட்டை_ரைடர்

வணக்கம் மக்களே. பழைய டெலிவரி வேன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, டிராவலர் வகை, கூரை உயரமானது. நானும் தம்பியும் மாதம் ஒரு தடவையாவது சேலம், நாமக்கல், கோவை பக்கம் மண் ட்ராக் ஓட்டப் போகிறோம். கட்டை டயர் போட்ட எக்ஸ்பல்ஸ் பைக்கை என்ஹெச் 44-ல் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனால் டயரும் போச்சு, முதுகும் போச்சு. அதனால் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஓசூரில் பைக்கை வேனில் ஏற்றி, ராத்திரியே போய்ச் சேர்ந்து, வேனிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

சிக்கல் கட்டில்தான். பைக் உள்ளே இருக்கும்போது கட்டில் மேலே போக வேண்டும், பைக்கை இறக்கியதும் உட்கார்ந்து சாப்பிடுகிற உயரத்துக்குக் கீழே வர வேண்டும். பட்டனை அமுக்கினால் ஏறி இறங்குகிற மாதிரி வெளிநாட்டு வேன்களில் வைத்திருக்கிறார்கள், அதை இறக்குமதி பண்ணுகிற காசுக்கு இன்னொரு பைக்கே வாங்கலாம்.

அளவுகள் (தரையில் பிளைவுட் போட்ட பிறகு எடுத்தது): முன் தடுப்பிலிருந்து பின்கதவு வரை 3200 மி.மீ., அகலம் கீழே 1700, மேலே 1560, உயரம் 1830. பைக் நீளம் 2220, கண்ணாடியைக் கழற்றினால் ஹேண்டில்பார் உச்சி 1230. கட்டில் 1900 நீளம், 1200 அகலம் போதும். நாலு மூலைக்கும் நாலு 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்குகிற தண்டு) போட்டால் வேலை முடிந்ததா? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு_வோல்ட்

நாலு ஆக்சுவேட்டரை ஒரே ஸ்விட்சில் கொடுத்தால் நாலும் நாலு வேகத்தில் போகும் ப்ரோ. எந்த மூலையில் எடை அதிகமோ அது பின்தங்கும். உள்ளே ஹால் சென்சார் (மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று காட்டுவது) இருக்கிற வகை வாங்கி, நாலையும் எண்ணிப் பார்த்து ஓட்டுகிற கன்ட்ரோலர் போட்டால் சரியாக வரும். ஆனால் 900 மி.மீ. நீளம் வெளியே வருகிற ஆக்சுவேட்டர், மடங்கியிருக்கும்போதும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அதை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று முதலில் பாருங்கள்.

பட்டறைக்காரர்_ஓசூர்

தம்பி, கரண்ட் சமாச்சாரத்தை விட்டுவிட்டு இரும்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். சிப்காட் பக்கம் லேத் வைத்திருக்கிறேன், தூக்குகிற இறக்குகிற வேலை நிறையப் பார்த்தாச்சு.

முதல் விஷயம், எடை. 50×25×2 செவ்வகக் குழாயை 50 பக்கம் நிற்கிற மாதிரி வைத்து ஃப்ரேம் அடித்தால், குறுக்குக் கம்பி மூன்று சேர்த்து 22, 23 கிலோ வரும். 12 மி.மீ. பிளைவுட் 18 கிலோ. நாலு இஞ்ச் மெத்தை 10, 12 கிலோ. மொத்தம் 55 கிலோவுக்குள் முடிந்துவிடும். எல்லாரும் கேட்கிற 40×40 குழாயைவிட இது கொஞ்சம் எடை குறைவு, வளைவும் குறைவு. பக்கத்துக்கு 100 கிலோ நடுவில் உட்கார்ந்தால் 40×40 கிட்டத்தட்ட 10 மி.மீ. தொய்யும், இது 8-ல் நிற்கும்.

தூக்குவதற்கு என்னுடைய வழி திருகுதான். நாலு மூலைக்கும் 20 மி.மீ. தடிமன், 4 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும்) உள்ள ஸ்க்ரூ, நம்ம வைஸில் இருக்குமே அந்த மாதிரி பட்டை மரை. நாலையும் ஒரே செயினால் இணைத்துவிட்டால் ஒன்று சுற்றினால் நாலும் சுற்றும், சாய்வதற்கு வழியே இல்லை. இந்த மரைக்குத் தானாகக் கீழே இறங்குகிற குணம் கிடையாது, கையை விட்டாலும் அங்கேயே நிற்கும். காலிக் கட்டிலைத் தூக்க நாலு ஸ்க்ரூவுக்கும் சேர்த்து கணக்குப்படி ஒன்றரை நியூட்டன் மீட்டர்கூட வேண்டாம், வழியில் உராய்வு அது இது என்று மூன்று மடங்கு வைத்தாலும் ஒரு கார்ட்லெஸ் ட்ரில் போதும். 880 மி.மீ. ஏற 220 சுற்று. கையால் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும், ட்ரில்லில் 400 ஆர்பிஎம் வைத்தால் அரை நிமிஷம்.

ஒன்று முக்கியம்: ஸ்க்ரூவை மேலே கூரைப் பக்கம் தொங்கவிட வேண்டும். எடை அதை இழுக்க வேண்டுமே தவிர அமுக்கக் கூடாது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மெல்லிய கம்பியைக் கீழிருந்து முட்டுக் கொடுத்தால் வளைந்துவிடும்.

வேன்வாசி

பட்டறை அண்ணா சொன்னதில் ஒரு சந்தேகம். தானாக இறங்காது என்பது அசையாமல் நிற்கிற இடத்தில் சரி. வேனில், அதுவும் ராயக்கோட்டை ரோடு மாதிரி ரோட்டில் மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே போனால் பட்டை மரையும் மெல்ல மெல்ல நழுவும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இல்லையா?

பட்டறைக்காரர்_ஓசூர்

நழுவும். அதனால்தான் இரும்புப் பின் (முளை) போட வேண்டும். திருகு, ரோப், ஆக்சுவேட்டர் எதுவானாலும் அது தூக்குவதற்கு மட்டும். தூக்கி முடித்ததும் நாலு மூலையிலும் 12 மி.மீ. பின்னைச் செருகி, கட்டிலை அரை இஞ்ச் இறக்கி அந்தப் பின் மேல் உட்கார வைத்துவிட வேண்டும். ஆள் படுக்கும்போதும் வண்டி ஓடும்போதும் எடை முழுக்கப் பின் மேல். தூக்குகிற சாமானில் ஒரு கிலோகூட இருக்கக் கூடாது. கீழே 160 கிலோ பைக்கும் தம்பியும் இருக்கும்போது ஒரு செயின் லிங்க்கை நம்பி மேலே யாரும் படுக்கக் கூடாது.

தொப்பூர்_இறக்கம்

வின்ச், ரோப் வழி பற்றி யாரும் பேசவில்லையே? நடுவில் ஒரு ஷாஃப்ட், அதில் நாலு ட்ரம், நாலு மூலைக்கும் 4 மி.மீ. ஸ்டீல் ரோப். ஷாஃப்டை ஒரு வார்ம் கியரில் (திருகு மாதிரிப் பல் உள்ள கியர்) சுற்றினால் போதும். செலவு திருகில் பாதிகூட ஆகாது. ரோப் உடைகிற பலம் தோராயமாக 900 கிலோ, 55 கிலோ கட்டிலுக்கு ஏகப்பட்டது. கப்பியை மட்டும் சின்னதாக வாங்கிவிடாதீர்கள், ரோப் தடிமனைப் போல 20 மடங்கு, அதாவது 80 மி.மீ. கப்பி வேண்டும். கடையில் கொடுக்கிற 30 மி.மீ. கப்பியில் போட்டால் ரோப் ஒவ்வொரு நூலாக உள்ளேயே அறுந்துகொண்டு வரும், வெளியே தெரியாது.

பின் போடும் விஷயத்தில் பட்டறைக்காரர் சொன்னதுதான், இங்கேயும் அதே சட்டம்.

ராயக்கோட்டை_ரைடர்

அருமை. ரோப் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி, கட்டில் நாலு மூலையிலும் எதன் மேல் சறுக்கி ஏறும்? சுவரில் நேராக சி சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) அடித்து, நைலான் உருளை விடலாமா?

பட்டறைக்காரர்_ஓசூர்

அடிக்கலாம், ஆனால் சுவரை நம்பி அடிக்காதே. நீயே சொல்லியிருக்கிறாய், கீழே 1700, மேலே 1560 என்று. சுவர் மேலே போகப் போக உள்ளே சாய்கிறது. சுவரோடு ஒட்டி அடித்தால் கட்டில் மேலே போகும்போது 140 மி.மீ. இறுகும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சேனலின் கீழ்ப் பக்கத்துக்குப் பேக்கிங் கொடுத்து நேராக நிறுத்து. அப்போது சேனலுக்கும் சேனலுக்கும் நடுவில் உனக்கு 1480 போல் கிடைக்கும். உருளையும் மூலைக்கு ஒன்று போதாது, 150 மி.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு. இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பழைய மேசை இழுப்பறை ஒரு பக்கம் போய் மாட்டிக்கொள்கிற மாதிரி கட்டிலும் பாதியில் மாட்டும்.

தகட்டில் நேராக ஸ்க்ரூ அடிக்காதே, அது ஒரு மி.மீ. கூட இருக்காது. உள் ரிப் (தகட்டுக்குப் பின்னால் ஓடுகிற பலச் சட்டம்) இருக்கிற இடமாகப் பார்த்து எம்8 ரிவெட் நட் (ஓட்டையில் செருகி இறுக்கினால் தகட்டிலேயே பிடித்துக்கொள்கிற நட்), பின்னால் கை போகிற இடத்தில் தகட்டு வாஷர். உடைகிறதென்றால் பின்னும் உடையாது குழாயும் உடையாது, வேன் தகடுதான் கிழியும்.

பென்னாகரம்_காடு

எல்லாரும் எப்படித் தூக்குவது என்றே பேசுகிறீர்கள். எவ்வளவு தூக்குவது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

ஹேண்டில்பார் 1230. கட்டிலின் அடிப்பக்கம் 1300-ல் இருக்க வேண்டும். ஃப்ரேம் 50, பிளைவுட் 12, மெத்தை 100, ஆக மெத்தை மேல் பரப்பு 1462. கூரை 1830. மிச்சம் 368 மி.மீ. ஒன்றேகால் அடி. அதில் புரண்டு படுக்கக்கூட முடியாது, தோள்பட்டை கூரையில் இடிக்கும். மே மாசம் தர்மபுரி வெயிலில் நின்ற வேன் கூரைக்கு ஒன்றேகால் அடி கீழே ராத்திரி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பைக்கைப் பின்கதவை ஒட்டி நிறுத்துவதால் வருகிற பிரச்சினை இது. முன் தடுப்பு வரை தள்ளி நிறுத்துங்கள். வேன் 3200, பைக் 2220. பைக்கின் வால் பின்கதவிலிருந்து 980-ல் இருக்கும். கட்டில் பின்கதவிலிருந்து 1900 வரைதான். ஹேண்டில்பார் கட்டிலுக்கு வெளியே, முன்னால் போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே வருவது சீட்டும் வாலும் மட்டும். வால் உயரம் எவ்வளவு?

ராயக்கோட்டை_ரைடர்

இப்போதுதான் போய் அளந்தேன். பின் கேரியர் உச்சி 930.

பென்னாகரம்_காடு

அப்படியானால் கட்டில் அடி 980 போதும். மெத்தை மேல் 1142. கூரை வரை 688 மி.மீ. நிமிர்ந்து உட்கார முடியாது, ஆனால் ஒருக்களித்து, முழங்கை ஊன்றி போன் பார்க்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். பைக்கின் எடையும் பின் அச்சுக்கு முன்னால் வந்துவிடும், வண்டி வால் ஆடாது.

ஒரே வில்லங்கம்: ஏற்றும்போது ஹேண்டில்பார் கட்டிலுக்குக் கீழேதானே நுழைந்து போக வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் 1300 உயரம். ஆக உனக்குத் தேவை மூன்றே நிலை. ஏற்ற 1300, பைக்கோடு படுக்க 980, பைக் இல்லாதபோது 420. மூன்று நிலைக்கு மோட்டாரா?

வேன்வாசி

👏 இந்த இழையில் முதல் முறையாக அளவு டேப் பேசியிருக்கிறது.

தொப்பூர்_இறக்கம்

நடுவில் ஒன்று, கட்டிலைவிட முக்கியமானது. பைக்கைக் கட்டுவது. தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். இறக்கம், வளைவு, முன்னால் பிரேக் பிடிக்காத லாரி. அங்கே அழுத்திப் பிரேக் பிடித்தால் பைக் தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துத்தான் சரக்குக் கட்டுகிற கணக்கே போடுவார்கள். 160 கிலோ பைக் என்றால் 128 கிலோ முன்னால் தள்ளும், அதுவும் நேராக டிரைவர் சீட்டை நோக்கி. பக்கவாட்டுக்குப் பாதி எடை.

முன் சக்கரத்துக்குத் தரையில் போல்ட் பண்ணிய சக்கரப் பிடி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ராட்செட் பெல்ட். பெல்ட் 45 டிகிரி போல் சாய்ந்து இறங்க வேண்டும். முன் ஃபோர்க்கைப் பாதி வரை அமுக்கிக் கட்டினால் போதும். முழுக்க அமுக்கி ராத்திரி முழுக்க விட்டால் ஆயில் சீல் கதை முடிந்தது. வேனின் தரைத் தகட்டில் வளையம் அடிக்காதீர்கள், கீழே சேஸி குறுக்குச் சட்டம் வரை போல்ட் இறங்கட்டும்.

டிஎன்70_வாசல்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பதிவுச் சான்றில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முழு கேரவனாக மாற்றுவதென்றால் அது தனி வகை, ஏஐஎஸ் 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது, வீட்டுப் பட்டறையில் முடிகிற காரியம் இல்லை. கூரையில் ஓட்டை, சேஸியில் வெல்டிங், நிரந்தர மோட்டார் இதெல்லாம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும்போது கேள்வி வரும். கழற்றி எடுக்கிற சாமானாக இருந்தால் தலைவலி குறைவு. எப்படியும் பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்டிஓ ஆபீசிலும் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது பின்னால் கட்டிலில் ஆள் படுக்கிற பேச்சே வேண்டாம், தம்பி முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும்.

பாலக்கோடு_வோல்ட்

பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுக்கப் போகிறீர்கள், அதையும் யோசியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். டேங்க்கைக் கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் ஏற்றுங்கள், தரை மட்டத்தில் ஒரு காற்றுத் துளை, எதிர்ப் பக்கம் மேலே ஒன்று. பைக் உள்ளே இருக்கிறவரை அடுப்பு பற்ற வைக்கவே கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடு ஏற்றினால் சைலன்சர் ஆறிய பிறகுதான் மெத்தையை மேலே விரிக்க வேண்டும், ஃபோம் உருகும்.

சூளகிரி_மாங்காய்

நான் வேன் ஆள் இல்லை, தோட்டத்துக்கு மாங்காய் லோடு அடிக்கிற ஆள். படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். ரயிலில் நடு பெர்த் எப்படி? படுக்கும்போது தூக்கி மாட்டுகிறோம், காலையில் மடக்குகிறோம். மோட்டாரா வைத்திருக்கிறான்? கட்டிலை இரண்டு பாதியாகப் பிரித்து, இந்தச் சுவரில் ஒன்று அந்தச் சுவரில் ஒன்று கீல் போட்டு மடக்கினால் பைக் நடுவில் தாராளமாகப் போகுமே?

பென்னாகரம்_காடு

மாங்காய் அண்ணே, கணக்கு ஒத்து வருகிறது! 980-ல் கீல் போட்டால் அதற்கு மேல் கூரை வரை 850 இருக்கிறது. முழுக் கட்டில் 1200, மடக்கினால் கூரையில் முட்டும். பாதிக் கட்டில் 600, முட்டாது. ஹேண்டில்பார் அகலம் 850 போல் இருந்தாலும் நடுவில் போய்விடும். ஏற்றுவதற்கென்று தனியாக 1300 நிலையே தேவையில்லை.

ஆனால் நடுவில் இரண்டு பாதியும் சேருகிற இடத்துக்கு முட்டு வேண்டும், அங்கே கால் வைக்க முடியாது, பைக் இருக்கிறது. அதனால் சுவருக்குச் சுவர் குறுக்காக மூன்று குழாய் போட வேண்டும். குறுக்குக் குழாய் எப்படியும் வருகிறதென்றால் கீல் எதற்கு? மூன்று குழாய், அதன் மேல் இரண்டு பலகை. ஏற்றும்போது குழாயை உருவிவிட்டு, பலகையைச் சுவரோரம் நிறுத்தி பெல்ட் போட வேண்டியது. பைக் போனதும் குழாயை 980 ஓட்டையில் மாட்டு, பலகையைப் போடு. பைக் இறங்கினால் 420 ஓட்டையில் மாட்டு.

வேன்வாசி

ஆக மொத்தம் நாலு ஆக்சுவேட்டரில் ஆரம்பித்துப் பரண் கட்டுவதில் வந்து நிற்கிறோம் 😂

பட்டறைக்காரர்_ஓசூர்

திருகு இருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும். சரி, விடுங்கள்.

பரணே ஆனாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மூன்று குழாய், 1480 நீளம், அதே 50×25×2, ஒன்று மூன்றேகால் கிலோ. இரண்டு பேரும் பலகையும் மெத்தையும் சேர்த்து 200 கிலோ என்றாலும் குழாய்க்கு 70 கிலோ போல்தான், எல்லாம் நடுவிலேயே விழுந்தால்கூட மூன்று மி.மீ. தொய்யும், அவ்வளவுதான். பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 1900×600. ஒன்று 14 கிலோவுக்குள் இருக்கும், ஒரே ஆள் தூக்கலாம். சேனல் ஆறு அடிக்க வேண்டும், பக்கத்துக்கு மூன்று. நேராக நிறுத்தும் வேலை முன்பு சொன்ன மாதிரியேதான், சுவர் சாய்வு சாய்வுதான்.

குழாய் முனை சேனலில் சும்மா உட்கார்ந்திருந்தால் குழி ரோட்டில் துள்ளி வெளியே வந்துவிடும். யு வடிவத் தாங்கி வைத்து, மேலே குறுக்காக ஒரு பின், அந்தப் பின் தொலையாமல் இருக்க ஒரு சங்கிலித் துண்டு. பலகைக்கு அடியில் குழாயின் இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்துவிட்டால் முன்னும் பின்னும் நகராது. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் பழைய டியூப் ரப்பர் ஒட்டு, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கிரீச் கிரீச்.

தொப்பூர்_இறக்கம்

நான் இன்னும் ரோப் பக்கம்தான். மழையில் ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, பைக் ஈரமாக இருக்கும்போது மூன்று குழாயும் இரண்டு பலகையும் தூக்கி மாட்டுவது யார்? கட்டிலை மேலே தூக்கி வைத்தே ஓட்டினால் மெத்தை, போர்வை எல்லாம் விரித்தபடியே இருக்கும். பைக்கைத் தள்ளியதும் இரண்டு அடி கூட இறக்க வேண்டாம், படுக்கலாம்.

பென்னாகரம்_காடு

வீட்டிலிருந்து கிளம்பும்போதே பைக்கை ஏற்றிவிட்டுப் பரணையும் கட்டிவிட்டுத்தானே கிளம்புகிறார்? போய்ச் சேர்ந்ததும் ஏறிப் படுக்க வேண்டியதுதான். காலையில் இறக்கும்போதுதான் வேலை, அப்போது வெளிச்சம் இருக்கும், தம்பியும் இருப்பான்.

ராயக்கோட்டை_ரைடர்

எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் காட்டினேன், பரண் பக்கம் சாய்ந்துவிட்டான், பட்டன் இல்லை என்று கொஞ்சம் வருத்தம். குழாயும் பின்னும் வைத்து முதலில் செய்கிறேன். சேனல் நேராக நின்றுவிட்டால் பிற்பாடு ரோப் வேண்டுமென்றாலும் அதே சேனலில் ஏற்றிக்கொள்ளலாம்தானே. ஆர்டிஓ ஆபீஸில் விசாரித்துவிட்டுத்தான் ரிவெட் நட் அடிப்பேன்.

பட்டறை அண்ணா, 41×41 சி சேனல் ஓட்டை போட்டதே கிடைக்கிறது, அதை வாங்கினால் போதுமா, இல்லை சாதா சேனல் வாங்கி நீங்களே 980, 420-ல் ஓட்டை போட்டுத் தருவீர்களா?

பட்டறைக்காரர்_ஓசூர்

ஓட்டை போட்டதே வாங்கு, 2.5 மி.மீ. தடிமன் கேள், எலக்ட்ரிக்கல் கடையில் கேபிள் ட்ரே மாட்ட வைத்திருப்பார்கள். மெல்லிசு ஒன்றும் விற்பார்கள், அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்து வா. உள்பக்க லைனிங்கை முழுக்கக் கழற்றிவிட்டு வா, ரிப் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் நான் ட்ரில்லைத் தொட மாட்டேன். பைக்கையும் ஏற்றிக் கொண்டு வா. 930 என்று சொன்னாயே, அது பெல்ட் போட்டு இறுக்கியதற்கு அப்புறமா, முன்னா?